ஒப்புகை எண் 322

ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை. மேல்மாநிலத்தில் உள்ள அணையின் ஐந்து மதகுகள் முற்பகல் 11.20 மணிக்குத் திறக்கப்பட்டன. அணைக்கு அறுபத்து நான்கு கிலோமீட்டர் கீழே, கீழ்மாநிலத்தில், பழைய பாலத்தின் ஆறாவது தூணடியில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த மூன்று பேர் பிற்பகல் 3.40 மணிக்கு வெள்ளத்தில் இறந்தார்கள்.

பதின்மூன்று நாள் கழித்து, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, இறந்த மூவரில் ஒருவரான மேஸ்திரியின் தங்கை ஒரு டயர் கடையின் மாடிக்கு ஏறி வந்தார். அங்கேதான் சர்வேயரின் அறை.

சர்வேயர் என்பது இப்போது பட்டப்பெயர்தான். ஒன்பது வருடம் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் எல்லைக்கல் நட்டவர். ஒவ்வொரு கல்லையும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டு அளவும் வேறுபட்டால் மறுபடி அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனாலும் மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் அது சந்தேகத்துக்குரியது. அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்ததற்கு அவர் வேறு காரணம் எதுவும் சொன்னதில்லை.

அவருடைய உதவியாளருக்கு முப்பத்து நான்கு வயது. முன்பு டாக்ஸி கம்பெனியில் மைக் பிடித்து வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தவள். வாய் ஓயாது. ரேடியோ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“உக்காருங்கக்கா. டயர் நாத்தம் பத்து நிமிஷத்துல பழகிடும்,” என்றாள் ரேடியோ. “எனக்கு ஆறு வருஷம் ஆச்சு.”

வந்தவர் சிரிக்கவில்லை. ஒரு நகலை மேஜைமேல் வைத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டு. ஒப்புகை எண் 322. தகவல் கிடைத்த நேரம் காலை 8.10. கீழே கையெழுத்து.

“இது எங்க வீட்டுக்காரர் கையெழுத்து,” என்றார். “வெள்ளக் கண்ட்ரோல் ரூம்ல ஆபரேட்டர். ஷட்டரைத் திறக்கப் போறோம்னு மேல இருந்து தகவல் வரும். கிடைச்சதுன்னு இவர் கையெழுத்துப் போட்டுச் சீட்டு அனுப்பணும். சீட்டு அவங்க கைக்குப் போனாத்தான் திறக்கலாம். அதான் சட்டம்.”

“வாயால சொன்னாப் போதாதா?” என்றாள் ரேடியோ.

“வாயால சொன்னதைத்தான் ரெண்டு மாநிலத்துக்காரங்களும் கோர்ட்டுல மாத்தி மாத்திச் சொன்னாங்களாம். அதனால பேப்பர்.”

சர்வேயர் நகலைத் திருப்பிப் பார்த்தார். “அவர் என்ன சொல்றார்?”

“தகவலே வரலைன்னார். கையெழுத்து உங்களுதான்னு கேட்டாங்க. ஆமான்னார். அதோட வாயை மூடிக்கிட்டார். என்கிட்டயும் பேசலை.”

“மேல்மாநிலம் இவர் மேல பழி போடுது. அது எதிர்பார்த்ததுதான். நம்ம பக்கம் என்ன சொல்றாங்க?”

“நம்ம பக்கமும் அதையேதான் சொல்றாங்க.”

சர்வேயர் நிமிர்ந்தார். “இந்த ரெண்டு அரசாங்கமும் கடைசியா எப்போ ஒத்துப்போனாங்க, ரேடியோ?”

“நான் பொறந்ததுக்கு அப்புறம் இல்லை சார்.”

“வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டு விசாரணை அறிக்கை,” என்றார் அந்தப் பெண். “வேலை போயிடும்ங்கிறாங்க. கேஸ் வரும்ங்கிறாங்க. அதெல்லாம் வரட்டும். எனக்கு ஒண்ணுதான் தெரியணும். எங்க அண்ணனை எங்க வீட்டுக்காரர் கொன்னாரா, இல்லையா? அது தெரியாம அவருக்கு நான் தட்டு வைக்கிறேன். தெரியாம அண்ணி முகத்தைப் பாக்குறேன். ரெண்டும் முடியலை.”

ரேடியோ தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

*

கூட்டு ஒருங்கிணைப்பு அலுவலகம் எல்லையின் மேலேயே கட்டப்பட்டிருந்தது. கூடத்தின் நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மின்விசிறி, அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி. இரண்டு மீட்டர், இரண்டு கடிகாரம், இரண்டு வருகைப் பதிவேடு, இரண்டு அறிவிப்புப் பலகை. கழிப்பறை மட்டும் ஒன்று. அது மேல்மாநிலத்தில் இருந்தது.

“அவசரம்னா மாநிலம் தாண்டணுமா?” என்று கேட்டாள் ரேடியோ.

“அதுக்குத் தனிப் பதிவேடு இருக்கும்மா,” என்றார் எழுத்தர். கீழ்மாநிலத்துக்காரர். விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு கோப்புகளைப் பார்க்கலாம் என்று விசாரணைக் குழு கொடுத்திருந்த கடிதத்தைச் சர்வேயர் நீட்டினார். எழுத்தர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு தடித்த கோப்பைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கி வந்தார்.

“வெளியில ஆயிரம் சண்டை இருக்கலாம் சார். நம்ம ஆபீஸ்ல ஒரு தகராறு கிடையாது. பதினோரு வருஷம். முன்னூத்தி இருபத்திரண்டு தகவல், முன்னூத்தி இருபத்திரண்டு ஒப்புகை. நூத்துக்கு நூறு. வேற எந்த மாநிலத்துக்கும் இந்தப் பெருமை இல்லை.”

சர்வேயர் சீட்டுகளைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் இரண்டு நேரங்கள் குறிக்கப்பட்டிருந்தன. கீழே கையெழுத்தான நேரம் ஒன்று. மேலே அணையில் சீட்டு கிடைத்த நேரம் ஒன்று. முதலில் இருந்து பத்துச் சீட்டு பார்த்தார். பிறகு நடுவில் இருந்து பத்து. கடைசியில் இருந்து பத்து.

“கண்ட்ரோல் ரூம்ல இருந்து அணைக்குச் சீட்டு எப்படிப் போகும்?”

“ஜீப்புல. இங்க வரைக்கும் நம்ம ஜீப். இங்கேருந்து அவங்க ஜீப். நடுவுல ரெண்டு செக்போஸ்ட்.”

“மொத்தம் எவ்வளவு தூரம்?”

“அறுபத்து நாலு கிலோமீட்டர்.”

“ரெண்டு நிமிஷத்துல போயிருக்கு,” என்றார் சர்வேயர். “முதல் ஏழெட்டைத் தவிர எல்லாச் சீட்டும்.”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எண்கள் மாறவில்லை.

“சார்,” என்றாள் ரேடியோ, “நாம தப்பான வண்டியில வந்திருக்கோம்.”

“சீட்டு இருக்கான்னு பாக்குறதுதான் சார் என் வேலை,” என்றார் எழுத்தர். குரல் இறங்கியிருந்தது. “நேரம் பாக்கச் சொல்லி உத்தரவு இல்லை.”

“உங்க ஜீப் எங்கே?”

எழுத்தர் ஜன்னலைக் காட்டினார். வெளியே ஒரு ஜீப் நான்கு செங்கல் அடுக்குகளின் மேல் நின்றது. சக்கரங்கள் இல்லை. அடியில் கோரைப்புல் வளர்ந்து கதவுவரை வந்திருந்தது.

“டயர் மாத்த ரெண்டு பக்கமும் அனுமதி கேட்டிருக்கோம்.”

“எப்போ?”

“எட்டு வருஷம் ஆகுது.”

“எங்க ஆபீஸுக்குக் கீழேயே டயர் கடை,” என்றாள் ரேடியோ. “சொல்லியிருந்தா அன்னைக்கே உருட்டிட்டு வந்திருப்பேன்.”

சர்வேயர் எழுந்து இந்தப் பக்கத்து அறிவிப்புப் பலகையைப் படித்தார். ஜூலை 3 தேதியிட்ட சுற்றறிக்கை. ஆறு தொடர்பாக மற்ற மாநில ஊழியர் எவருடனும் நேரிலோ தொலைபேசியிலோ தனிப்பட்ட முறையில் பேசக் கூடாது; மீறுவோர்மீது ஒழுங்கு நடவடிக்கை. மஞ்சள் கோட்டைத் தாண்டிப்போய் அந்தப் பக்கத்துப் பலகையைப் படித்தார். அதே தேதி. அதே வாக்கியம். முத்திரை மட்டும் வேறு.

“வரிக்கு வரி ஒண்ணு,” என்றார்.

“யாரும் யார்கூடவும் பேசக் கூடாதுன்னு முடிவு பண்ண, ரெண்டு பக்கமும் உக்காந்து பேசியிருக்காங்க,” என்றாள் ரேடியோ. “எங்க வச்சுப் பேசினாங்க? கழிப்பறையிலயா?”

எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டு கோப்பைக் கட்டினார்.

காரில் ஏறியதும் சர்வேயர் குறித்து வந்த கடைசி இருபது சீட்டுகளின் தேதிகளை ரேடியோ மேஸ்திரியின் தங்கைக்குப் போனில் வாசித்தாள். ஏப்ரல் 6. ஏப்ரல் 19. மே 22.

“மே இருபத்திரண்டா?” என்று எதிரில் குரல் நிறுத்தியது. “அன்னைக்கு அவருக்குச் சிறுநீரகக் கல் ஆபரேஷன். பத்து மணிக்கு மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனாங்க.”

“பத்து இருபதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கார்க்கா.”

“எப்படிப் போட முடியும்? நானும் அண்ணனும் வாசல்லயே உக்காந்திருந்தோம்.”

ரேடியோ போனைக் கையால் மூடிக்கொண்டாள். “மயக்கத்துலகூட டியூட்டி பாத்த மனுஷன் சார். இவரையா சஸ்பெண்ட் பண்ணினாங்க?”

சர்வேயர் போனை வாங்கினார். “அன்னைக்கு அவர் போன் யார்கிட்ட இருந்துச்சும்மா?”

“அண்ணன்கிட்ட.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். “ஒரு கால் வந்துச்சு சார். பத்தேகால் இருக்கும். அண்ணன் எடுத்து, சரி சரின்னான். அப்புறம் அவன் போன்லேருந்து யார் யார்கிட்டயோ பேசினான். அவன் வேலை விஷயம்னு நினைச்சேன்.”

சர்வேயர் அதை எழுதி அடிக்கோடிட்டார். கையெழுத்து பொய். ஆனால் அந்த அழைப்பு பொய்யில்லை.

“அணைக்கு விடு,” என்றார்.

*

அணையின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் ஜூலை முதல் தேதி வேலையில் சேர்ந்தவர். நடுவகிடு எடுத்துச் சீவி, சட்டைப் பையில் இரண்டு பேனா. விசாரணை என்றதும் எழுந்து நின்றவர் கடைசிவரை உட்காரவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை. மேஜை இழுப்பறையை அவராகவே திறந்தார்.

உள்ளே ஒப்புகைச் சீட்டுப் புத்தகம் ஒன்று கிடந்தது. 323 முதல் 400 வரை. எல்லாச் சீட்டிலும் எண் இருந்தது. நேரம் எழுதும் கட்டங்கள் காலி. எல்லாச் சீட்டிலும் கீழே ஆபரேட்டரின் கையெழுத்து, ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்டதுபோல.

“எழுபத்தெட்டு இருக்கு சார். ஒண்ணுகூடக் குறையலை,” என்றார் புது ஆள். “நான் பொறுப்பு எடுக்கும்போது எழுபத்தொன்பது. ஒண்ணு கிழிச்சேன், ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. இதோ, சார்ஜ் லிஸ்ட்.”

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் பதிமூன்றாவது வரியில் ‘கைப்பிடி உடைந்த குடை – 1’ என்று இருந்தது. பதினான்காவது வரியில் ‘கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டுகள் – 79’. கீழே மூன்று அதிகாரிகளின் ஒப்பம்.

ரேடியோ அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். “இதை மூணு பேர் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்களா?”

“குடையைப் பத்தி மட்டும் ஒருத்தர் கேட்டார்.”

“ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி என்ன பண்ணீங்க? வரிசையாச் சொல்லுங்க,” என்றார் சர்வேயர்.

“காலையில திறக்க உத்தரவு வந்துச்சு. மூணு மணி நேரம் முன்னாடி கீழே தகவல் கொடுத்து ஒப்புகை வாங்கணும்னு விதி. சீட்டுல 8.10ன்னு எழுதினேன். கிடைச்சது 8.12ன்னு எழுதினேன். பழைய சீட்டுல எல்லாம் ரெண்டு நிமிஷம்தான் இருந்துச்சு. ஃபைல்ல போட்டேன். 11.20க்குத் திறந்தேன்.”

“தகவல் கொடுத்தது எப்போ?”

புது ஆள் விழித்தார். “அதான் சார், சீட்டு.”

“போன் பண்ணலையா?”

“ஹாட்லைன் வேலை செய்யலை சார். எல்லைக்கு எந்தப் பக்கம் கம்பி பழுதுன்னு இன்னும் முடிவாகலை. என் போன்ல பேசினா அது தனிப்பட்ட முறை ஆயிடும். சுற்றறிக்கை இருக்கு.” அவர் சீட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “தகவல் கிடைச்சதுன்னு அவங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. அப்போ கிடைச்சிருக்கும்னுதானே சார் அர்த்தம்?”

கீழே மதகுகளின் சத்தம் தரை வழியாகக் காலுக்கு வந்தது.

“உங்களுக்கு முன்னாடி இருந்தவர் எதுவும் சொல்லிட்டுப் போகலையா?”

“அவருக்கு அரை நாள்ல மாத்தல் சார். அந்தப் பக்கத்து ஆளோட ஒட்டி உறவாடுறார்னு புகார். நான் வரும்போது பெட்டியைத் தூக்கிக்கிட்டு இருந்தார். ‘கீழே ஒரு ஆள் இருக்கார், அவர்கிட்ட பேசு’ன்னு ஆரம்பிச்சார். பக்கத்துல எங்க பொறியாளர் நின்னார். அதோட நிறுத்திட்டார்.”

திரும்பும் வழியில் ரேடியோதான் வண்டியை ஓட்டினாள்.

“இந்த ஆளைத் திட்டக்கூட வாய் வரலை சார்.”

“எனக்கு வேற ஒண்ணு உறுத்துது,” என்றார் சர்வேயர். “வெத்துச் சீட்டுல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், தகவல் வரலைன்னு ஆபரேட்டர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தாப் போதும். கொலைப்பழி போயிருக்கும். விதியை மீறின குத்தம் மட்டும் நிக்கும். ரெண்டு அரசாங்கமும் ஏன் சொல்லலைன்னு புரியுது. சொன்னா பதினோரு வருஷத்துப் பெருமையும் போயிடும். இவர் ஏன் சொல்லலை?”

“மேலதிகாரிக்குப் பயந்து?”

“வேலையே போகப்போகுது. இனிமே யாருக்குப் பயம்?”

ரேடியோ கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். “வீட்டுல ஒரு ஆள் இருக்காங்களே சார்.”

*

ஆபரேட்டரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை. இரண்டு அறை. துவைத்த துணிகள் மடிக்கப்படாமல் நாற்காலியில் குவிந்திருந்தன. மேஸ்திரியின் தங்கை உள்ளே போகப் போனார்.

“நீங்களும் இருங்கம்மா,” என்றார் சர்வேயர். பிறகு ஆபரேட்டரைப் பார்த்துக் கையை நீட்டினார். “உங்க போனைக் கொடுங்க.”

ஐம்பது வயது இருக்கும் அந்த மனிதர் மறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கேட்பார்கள் என்று பதின்மூன்று நாளாகக் காத்திருந்தவர்போல.

ரேடியோ அழைப்புகளின் பட்டியலைப் பின்னோக்கி நகர்த்தினாள். சீட்டுத் தேதிகளை ஒரு கையில் வைத்துக்கொண்டாள்.

“ஜூன் 27. ‘எதிர்முனை’ன்னு ஒரு நம்பர்லேருந்து கால். அடுத்த நிமிஷம் இங்கேருந்து ‘மச்சான்’னு ஒரு நம்பருக்குக் கால். ஜூன் 11. எதிர்முனை, உடனே மச்சான். மே 30. அதேதான்.” அவள் குரலில் கிண்டல் வற்றிக்கொண்டு வந்தது. “மே 22, எதிர்முனை. அன்னைக்கு மச்சானே எடுத்துட்டார். ஆகஸ்ட் 9...” பட்டியலை மறுபடி மேலே நகர்த்தினாள். “ஆகஸ்ட் 9ல எதுவும் இல்லை.”

“எதிர்முனை யாரு?” என்று மனைவி கேட்டார்.

ஆபரேட்டர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அணையில இருந்த ஆள். பழைய ஆள். பதினோரு வருஷம் பேசியிருக்கோம். நேர்ல பாத்ததில்லை. நான் அவரை எதிர்முனைன்னு கூப்பிடுவேன், அவர் என்னை எதிர்முனைன்னு கூப்பிடுவார். முதல் வருஷமே ஒரு தடவை சீட்டு செக்போஸ்ட்ல அஞ்சு மணி நேரம் கிடந்துச்சு. சீட்டு வராம அவர் திறக்கலை. அணை விளிம்பு வரைக்கும் தண்ணி. அப்புறம் மொத்தமாத் திறந்ததுல இங்க ரெண்டு தெரு போச்சு. மறுநாள் அவர் கூப்பிட்டார். பேப்பரை நம்பினா ஜனங்க சாவாங்க, நாம பேசிக்கலாம்னார். நான் நூறு சீட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒவ்வொரு தடவை தீரும்போதும் இன்னொரு நூறு. பேப்பர் அவங்களுக்கு, போன் நமக்கு. திறக்க நாலு மணி நேரம் இருக்கும்போதே கூப்பிட்டுடுவார்.”

“நீங்க மச்சானைக் கூப்பிடுவீங்க,” என்றார் சர்வேயர்.

“முறைப்படி நான் எங்க பொறியாளர்கிட்ட சொல்லணும். அவர் மேல கேக்கணும். அதுக்குள்ள தண்ணி வந்துடும். மச்சானுக்கு ஆத்தோரத்துல எல்லாரையும் தெரியும். மணல் அள்றவங்க, துணி துவைக்கிறவங்க, படகு வச்சிருக்கிறவங்க. அரை மணி நேரத்துல அத்தனை பேரையும் மேல ஏத்திடுவார். பதினோரு வருஷத்துல ஒரு உசுரு போகலை. ரெண்டு மாநிலத்துக்கும் நடுவுல உண்மையா வேலை செஞ்சது நாங்க மூணு பேர்தான்.”

“ஜூன் கடைசியில எதிர்முனை மாத்தலாகிப் போயிட்டார். உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். போற வழியில கூப்பிட்டார். புது ஆளோட நம்பர் கொடுத்தார். நீயே கூப்பிட்டு எல்லாம் சொல்லிடுன்னார்.”



“கூப்பிட்டீங்களா?”

“மூணாம் தேதி சுற்றறிக்கை வந்துச்சு. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு அந்தப் பக்கம் பேசினதுக்கு மெமோ கொடுத்தாங்க. கொஞ்ச நாள் ஆறட்டும்னு பாத்தேன். ஜூலையில மழை இல்லை. அப்புறம் பேசிக்கலாம்னு தள்ளிப்போட்டேன். முப்பத்தேழு நாள். தினம் அந்த நம்பரை எடுத்துப் பாப்பேன்.” அவர் முதல் தடவையாக மனைவியைப் பார்த்தார். “ஒன்பதாம் தேதி காலையில மேல மழைன்னு செய்தியில சொன்னாங்க. போன் வரலை. போன் வரலைன்னா திறக்கலைன்னு நினைச்சுட்டேன். பழக்கம்.”

“இதை ஏன் விசாரணையில சொல்லலை?” என்றாள் ரேடியோ.

“ரெண்டு அரசாங்கம் என்னைத் திட்டினாத் தாங்கிக்குவேன். இவ கேப்பாளேன்னுதான்.”

மேஸ்திரியின் தங்கை நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்குத் தப்பிச்ச சித்தாள் ஒருத்தி துக்கத்துக்கு வந்தா,” என்றார். “என்கிட்ட ஒண்ணு சொன்னா. எனக்கு அப்போ புரியலை. தண்ணி கலங்குது மேஸ்திரி, மேல வாங்கன்னு அவ கத்தியிருக்கா. மத்த ரெண்டு பேரும் ஏறப் பாத்திருக்காங்க. அண்ணன்தான் தடுத்திருக்கான். ‘என் மாப்பிள்ளை போன் பண்ணலை. அவர் பண்ணலைன்னா தண்ணி வராது. இன்னும் ஒரு சட்டி பூசிட்டு ஏறலாம்’னு சொல்லியிருக்கான்.”

ஆபரேட்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“உங்க மேல இருந்த நம்பிக்கையில அவன் ஏறலை,” என்றார் மனைவி. “அவன் சொன்னதால மத்த ரெண்டு பேரும் ஏறலை.”

சர்வேயர் குறிப்பேட்டை மூடினார். “அம்மா, காலையில நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. என்கிட்ட இருக்கிற பதில், இல்லைங்கிறதுதான். இவருக்குத் தகவல் வரலை.”

“தெரிஞ்சுக்கிட்டேன் சார். இவர் கொல்லலை. ஒரு போன் பண்ணலை, அவ்வளவுதான்.” அவர் கணவர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. “நாளைக்குப் போய் எல்லாத்தையும் சொல்லுங்க. சீட்டு, எதிர்முனை, எங்க அண்ணன், அந்த முப்பத்தேழு நாள். ஒண்ணு விடாம.”

“சொன்னா எதிர்முனையையும் இழுப்பாங்க. அந்தப் புது ஆளையும்...”

“எங்க அண்ணன் வேலை தெரியாம ஆத்துல நின்னு செத்தான்னு ஊர்ல பேசுறாங்க. சொல்லுங்க.”

*

ஆபரேட்டர் வியாழக்கிழமை காலை கூட்டு விசாரணைக் குழுவின் முன் ஐம்பது நிமிடம் பேசினார். 323 முதல் 400 வரையிலான சீட்டுகளின் படங்களையும், ஒப்படைப்புப் பட்டியலின் நகலையும், இரண்டு சுற்றறிக்கைகளையும், போன் அழைப்புகளின் விவரத்தையும் சர்வேயர் ஒப்படைத்தார். குழுவின் தலைவர்கள் இருவர், மாநிலத்துக்கு ஒருவர். இருவரும் பக்கத்து அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். ஊழியர்களின் தனிப்பட்ட தொலைபேசி உரையாடல்கள் விசாரணையின் வரம்புக்குள் வரவில்லை என்று மேல்மாநிலத் தலைவர் அறிவித்தார். கீழ்மாநிலத் தலைவர் ஆமோதித்தார். சர்வேயர் கொடுத்த உறை திருப்பித் தரப்பட்டது.

“ஒன்பது வருஷம் கல்லு நட்டீங்களே சார்,” என்றாள் ரேடியோ படியிறங்கும்போது. “இவ்வளவு ஒத்துமையா இருக்கிறவங்களுக்கு நடுவுல எதுக்கு?”

சர்வேயர் உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அறிக்கை வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வரவேண்டியது, 3.20க்கே வந்தது. பதினான்கு பக்கம். இரண்டு மாநிலங்களும் மறுப்புக் குறிப்பு இல்லாமல் கையெழுத்திட்ட முதல் ஆவணம் அது என்று பத்திரிகைகள் எழுதின. ஒப்புகை எண் 322 முறையாக வழங்கப்பட்டது, அதன்மேல் நடவடிக்கை எடுக்கத் தவறியது ஆபரேட்டர் என்பது முடிவு. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அணையின் புதிய ஊழியர்மீது குறை காணப்படவில்லை. இனிமேல் ஒப்புகைச் சீட்டு மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கப்பட்டது. மேஸ்திரியின் பெயர் இறந்தோர் பட்டியலில் இரண்டாவதாக இருந்தது. வேறெங்கும் இல்லை.

அவருடைய தங்கை சனிக்கிழமை ஒரு பெட்டியுடன் ஆற்றங்கரையில் இருந்த அண்ணி வீட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

செப்டம்பர் 17, திங்கட்கிழமை. காலை 9.40 மணிக்கு அணையின் மூன்று மதகுகள் திறக்கப்பட்டன. புதிய வரிசையில் ஒப்புகை எண் 1, மூன்று பிரதிகளாக, கோப்பில் சேர்க்கப்பட்டது. கீழே ஆற்றங்கரையில் யாருக்கும் தகவல் போகவில்லை. போன் வரவில்லையென்றால் தண்ணீர் வராது என்று இப்போது அங்கே யாரும் நம்புவதில்லை; அன்று ஆற்றில் யாரும் இறங்கியிருக்கவில்லை.